ஆப்ட் அப்டேட் எதையும் அப்டேட் செய்வதில்லை: பொதி மேலாளர் என்றால் என்ன?

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுத் தரும் கடையாகட்டும், கல்லூரி லேபாகட்டும், புதிதாக வருகிறவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை ஒன்றுதான்: "டெர்மினலைத் திற, சூடோ ஆப்ட் இன்ஸ்டால்னு போட்டு மென்பொருள் பேரை அடி, இறங்கிடும்." அறிவுரையில் தப்பில்லை. "இறங்கிடும்" என்ற சொல்லில்தான் கோளாறு. விண்டோசில் பிரவுசர் வழியாக செட்அப் கோப்பை இறக்குவோமே, அதையேதான் இங்கே கருப்புத் திரையில் செய்கிறோம் என்று அது மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு "அப்டேட் போட்டேன், பழைய பதிப்பே இருக்கிறதே" என்ற புலம்பலும், "எதையோ நீக்கினேன், டெஸ்க்டாப்பே காணோம்" என்ற அலறலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மென்பொருளை நிறுவி, புதுப்பித்து, நீக்கி, எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும் நிரலுக்குப் பொதி மேலாளர் என்று பெயர். இறக்குவது அதன் வேலையில் சின்னப் பங்கு; கணக்குதான் பெரிய பங்கு.

இங்கே சொல்வதெல்லாம் ஆப்ட் என்ற பொதி மேலாளரை வைத்து. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றிலும் அதுதான். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறது. திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

தட்டுவடை செட்டிலிருந்து தொடங்கலாம்

தள்ளுவண்டிக்குப் போய் "ஒரு தட்டுவடை செட்" என்கிறீர்கள். நீங்கள் சொன்னது ஒரே பெயர். கடைக்காரருக்கு வேண்டியதோ தட்டுவடை, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. அந்தப் பச்சைச் சட்னிக்குப் புதினாவும் மல்லியும் தனியே வேண்டும். இதில் ஒன்று தீர்ந்தாலும் செட் இல்லை. அதே சட்னிதான் பக்கத்தில் நிற்பவரின் முறுக்கு செட்டுக்கும் நொறுக்கலுக்கும் போகிறது. பண்டத்துக்கு ஒரு சட்னிப் பாத்திரம் என்று வைத்தால் வண்டியில் இடம் பத்தாது.

மென்பொருளும் அப்படித்தான். படத்தைத் திறப்பது, எழுத்தைத் திரையில் வரைவது, இணையத்தோடு பேசுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு மென்பொருளும் தானே எழுதி வைத்துக்கொள்வதில்லை. பல மென்பொருள்கள் பொதுவில் எடுத்தாளும் நிரல் தொகுதிக்கு நூலகம் என்று பெயர். ஒன்று இயங்க இன்னொன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்றால், அந்த இன்னொன்று முதலாவதன் சார்பு.

விண்டோசில் பெரும்பாலான மென்பொருள்கள் தமக்கு வேண்டிய சட்னியைத் தாமே டப்பாவில் அடைத்துக்கொண்டு வரும். லினக்ஸில் சட்னி பொது. இடம் மிச்சம் என்பது சின்ன லாபம். சட்னி கெட்டிருந்தால் ஒரே ஒரு பாத்திரத்தை மாற்றினால் போதும் என்பதுதான் பெரிய லாபம்: ஒரு நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு பொதியைப் புதுப்பித்ததுமே அதை நம்பியிருக்கும் அத்தனை மென்பொருளும் சரியாகிவிடும். ஆனால் யாருக்கு எந்தச் சட்னி, எத்தனையாம் பதிப்புச் சட்னி என்று ஒருவர் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

பொதிக்குள் என்ன இருக்கிறது

பொதி என்பது டெப் என்று முடியும் பெயர் கொண்ட ஒரே கோப்பு. உள்ளே இரண்டு பகுதிகள். ஒன்று சரக்கு: நிரல், படங்கள், உதவிக் குறிப்புகள், ஒவ்வொன்றும் வட்டில் எந்த இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற விவரத்தோடு. இன்னொன்று சீட்டு: பொதியின் பெயர், பதிப்பு எண், சார்புகள், எதனோடு சேர்ந்து இருக்க முடியாது என்ற குறிப்பு, நிறுவும் முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு நிரல்கள்.

இந்தச் சீட்டைப் படித்து, பொதியைப் பிரித்து, அடுக்கி, பேரேட்டில் எழுதும் ஆளுக்கு டிபிகேஜி என்று பெயர். டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக் 1994இல் எழுதியது அதன் முதல் வடிவம். பேரேடு என்று சொன்னது உவமை இல்லை. வார், லிப், டிபிகேஜி என்ற அடைவுகளுக்குள், அதாவது ஃபோல்டர்களுக்குள், ஸ்டேட்டஸ் என்ற பெயரில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே அது இருக்கிறது. திறந்து படிக்கலாம், கை வைக்கக் கூடாது.

டிபிகேஜிக்கு ஒரு குறை உண்டு. "பச்சைச் சட்னி இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வராது. அந்தக் காலத்தில் சார்பைத் தேடி, அதன் சார்பைத் தேடி, ஒவ்வொன்றாகக் கையால் இறக்கியவர்கள் நொந்துபோனார்கள். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 முதல் அந்த அலைச்சலை ஏற்றுக்கொண்ட ஆள்தான் ஆப்ட். பட்டியலைப் பார்த்து, என்னென்ன வேண்டும் என்று முடிவு செய்து, வாங்கி வருவது ஆப்ட். பிரித்து அடுக்கிப் பேரேட்டில் எழுதுவது டிபிகேஜி.

இதுவரை: பொதி என்பது சரக்கும் சீட்டும் சேர்ந்தது. சீட்டில் சார்புகள் எழுதியிருக்கும். ஆப்ட் வாங்கி வரும், டிபிகேஜி அடுக்கும்.

மண்டியும் விலைப்பட்டியலும்

பொதிகள் குவிந்திருக்கும் சேவையகத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இன் களஞ்சியத்தில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொரு சாமானுக்கும் மண்டிக்கு நேரில் போய்க் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். இன்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஆர்டர் போடுவார்.

ஆப்ட் செய்வதும் அதேதான். இப்போது அந்தப் பெயர் பெற்ற குழப்பத்துக்கு வரலாம்.

சூடோ ஆப்ட் அப்டேட்

இது புதிய பட்டியலை வாங்கி வைக்கிறது. அவ்வளவே. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள்கூட மாறாது.

சூடோ ஆப்ட் அப்கிரேட்

இதுதான் கையிலிருக்கும் பட்டியலையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, பழையதாகிப்போன பொதிகளுக்குப் புதிய பதிப்பை வாங்கிப் போடுகிறது. பட்டியலைப் புதுப்பிக்காமல் அப்கிரேட் மட்டும் போட்டால் போன மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு "எல்லாம் புதுசாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடும். ஆகவே இரண்டும் எப்போதும் அதே வரிசையில். பெயர் வைத்தவர்கள் முதலாவதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். இனி மாற்ற முடியாது.

இன்னொரு ஏமாற்றம்: அப்கிரேட் போட்டாலும் உலகத்தில் வந்த கடைசிப் பதிப்பு கிடைக்காது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. அந்தக் காலம் முழுக்கப் பெரும்பாலான பொதிகளின் பதிப்பு வெளியான அன்று இருந்த நிலையிலேயே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதன்மேல் சேரும். இது சோம்பல் இல்லை, கொள்கை. புதுப் பதிப்பு வந்தால் அதன் சார்புகளும் மாறும், பக்கத்து மென்பொருள் ஆட்டம் காணும்.

ஒரு பொதியை நிறுவிப் பார்ப்போம்

அச்சகத்திலோ டிடிபி கடையிலோ பழைய தமிழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கிறது. டெசராக்ட் என்ற மென்பொருள் அதைச் செய்யும். முதலில் தேடல்:

ஆப்ட் சர்ச் டெசராக்ட்

வரும் நீளமான பட்டியலில் டெசராக்ட்-ஓசிஆர் என்ற பொதியும், மொழிக்கு ஒன்றாகப் பல பொதிகளும் இருக்கும். தமிழுக்கானது, தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் மூன்று எழுத்தான டி, ஏ, எம் என்று முடியும். தேடுவதற்கு சூடோ வேண்டாம். சூடோ என்பது "நிர்வாகி உரிமையோடு செய்" என்று முன்னால் சேர்க்கும் சொல். கணினியை மாற்றும் கட்டளைகளுக்கு மட்டும் தேவை.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்

கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிடவில்லை, அடித்து முடித்து என்டர் தட்டுங்கள். அடுத்து வருவதைத்தான் பெரும்பாலோர் படிக்காமல் விடுகிறார்கள். கேட்டது இரண்டு பொதி. ஆப்ட் அவற்றோடு படங்களைக் கையாளும் லெப்டானிகா நூலகம், ஆங்கில மொழித் தரவு என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்து, "இவை புதிதாக வரும்", எவ்வளவு இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுத் தொடரலாமா என்று கேட்கும். அடைப்புக்குள் ஒய் பெரிய எழுத்திலும் என் சிறிய எழுத்திலும் இருந்தால், சும்மா என்டர் தட்டினாலே ஆம் என்று பொருள்.

என்டர் தட்டும் முன் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்: "ரிமூவ்டு". ஒன்றை நிறுவப்போகும்போது வேறு பொதிகள் நீக்கப்படும் என்று ஆப்ட் சொன்னால், அங்கே ஏதோ முரண் இருக்கிறது. 2021 நவம்பரில் வெளியான காணொளி ஒன்றில் கனடா யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அந்தச் சமயத்தில் களஞ்சியத்தில் இருந்த சார்புக் கோளாறால், டெஸ்க்டாப்பையே நீக்கினால்தான் ஸ்டீமை வைக்க முடியும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரித்து, "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற ஆங்கில வாக்கியத்தை முழுக்க அடிக்கச் சொன்னது. அவர் அடித்தார். டெஸ்க்டாப் போயிற்று. அவ்வளவு முக்கியமான பொதிகளை நீக்க ஆப்ட் அதன்பிறகு இன்னும் இறுக்கமாகிவிட்டது. ஆனால் உங்களுக்கு மட்டும் முக்கியமான பொதி எது என்று அதற்குத் தெரியாது.

பயமாக இருந்தால் கட்டளையோடு -எஸ் சேர்த்துப் போடுங்கள். என்னென்ன நடக்கும் என்று சொல்லும், எதையும் செய்யாது. இதற்கும் சூடோ வேண்டாம்.

ஏற்காட்டில் சிக்னல் போனால், கரண்ட் போனால்

புதியவர்களின் பெரிய பயம் பாதியில் நின்றுவிடுவது. இதற்குப் பதில் ஆப்ட், டிபிகேஜி என்ற இரண்டு ஆட்களில் இருக்கிறது. எல்லாப் பொதிகளும் இறங்கி முடிந்த பிறகே அடுக்கும் வேலை தொடங்கும். மலைமேல் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போனால் எதுவும் கெடாது. மென்பொருள் ஒன்றும் இன்னும் தொடப்படவில்லை. சிக்னல் வந்ததும் அதே கட்டளையை மறுபடி போடுங்கள். ஏற்கெனவே இறங்கியது வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறும் முன்பே சேலத்தில் நல்ல இணைப்பில் சரக்கை வாங்கிக்கொண்டு போகவும் வழி உண்டு. அப்டேட் போட்ட பிறகு அப்கிரேட் கட்டளையோடு -டி (டவுன்லோடின் முதல் எழுத்து) சேர்த்தால் இறக்கி மட்டும் வைக்கும். மேலே போய், இடையில் மறுபடி அப்டேட் போடாமல், -டி இல்லாமல் அதே கட்டளை. இணையம் இல்லாமலே நிறுவிவிடும். பட்டியலைப் புதுப்பித்துவிட்டால் பட்டியலில் பதிப்பு மாறி, இறக்கி வைத்தது பயனில்லாமல் போகலாம்.

அடுக்கும்போது கரண்ட் போவதுதான் உண்மையான தொல்லை. சில பொதிகள் பிரிக்கப்பட்டு, நிறுவிய பின் ஓட வேண்டிய சிறு நிரல் ஓடாமல் நிற்கும். பேரேட்டில் அவை "பாதி முடிந்தது" என்றே எழுதப்பட்டிருக்கும் என்பதால் திரும்ப எழுப்புவது எளிது:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது பாதியில் நின்றவற்றை முடிக்கும். இரண்டாவது, விட்டுப்போன சார்புகளை வாங்கி வரும். இந்த வரிசையில் போட்டால் பத்தில் ஒன்பது தடவை சரியாகிவிடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், கரண்ட் வந்து வந்து போகும் நாளில் பெரிய அப்கிரேட் வேண்டாம்.

லாரி எதுவானாலும் பில்தான் கணக்கு

"ஆப்ட் பல இடங்களில் பூட்டுக்குறி இல்லாத முகவரியிலிருந்துதானே இறக்குகிறது, ஆபத்தில்லையா?" என்று கேட்பார்கள். களஞ்சியத்துக்கு உலகெங்கும் நகல்கள் உண்டு. அவற்றை மிரர் என்பார்கள். எந்த மிரரிலிருந்து வந்தாலும் கவலையில்லாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது.

ஜவ்வரிசி மூட்டை எந்த லாரியில் வந்தாலும், கூடவே வரும் பில்லில் உரியவர் கையெழுத்து இருந்து, ஒவ்வொரு மூட்டையும் பில்லில் எழுதிய எடையில் நின்றால் சரக்கு வழியில் மாறவில்லை. ஆப்ட் விஷயத்தில் எடைக்குப் பதில் செக்சம்: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ரிலீஸ் என்ற கோப்பில் டெபியனோ உபுண்டுவோ தன் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. அந்தக் கோப்புக்குள் பட்டியல்களின் செக்சம். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் செக்சம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி உங்கள் கம்ப்யூட்டரில் முன்பே இருக்கிறது. நடுவில் யார் கை வைத்தாலும் ஆப்ட் மறுத்துவிடும்.

இதில் ஒரு விளைவு உண்டு. வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லும் வழிகாட்டிகள் முதலில் ஒரு சாவியைச் சேர்க்கச் சொல்லும். சாவியைச் சேர்ப்பது என்றால் அந்த ஆளின் பில்லை இனி கேள்வி கேட்காமல் நம்புகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அவருடைய பொதியில் இருக்கும் சிறு நிரல்கள் நிர்வாகி உரிமையோடு ஓடும். நாலு வரியை நகலெடுத்து ஒட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

நீக்குவதில் மூன்று அளவு

ஆப்ட் ரிமூவ் மென்பொருளை எடுக்கும், அதன் செட்டிங்ஸ் எழுதியிருக்கும் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ஆப்ட் பர்ஜ் அவற்றையும் எடுக்கும். இரண்டுமே உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவைத் தொடுவதில்லை. ஆப்ட் ஆட்டோரிமூவ், நீங்கள் கேட்காமல் சார்பாக மட்டும் வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாத பொதிகளை எடுக்கும். முறுக்கு செட்டை நிறுத்திவிட்டாலும் தட்டுவடைக்கு வேண்டிய சட்னியை அது கொட்டாது. நீங்கள் கேட்டு வந்தது எது, சார்பாக வந்தது எது என்று ஆப்ட் தனியே குறித்து வைத்திருப்பதால் இது முடிகிறது. இதையும் என்டருக்கு முன் படித்துவிடுங்கள்.

எது கெடும், ஏன்

"அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்": பெயர் பட்டியலில் இல்லை. எழுத்துப் பிழை, அல்லது புதிதாக நிறுவிய கணினியில் இன்னும் அப்டேட் போடவில்லை. மென்பொருளின் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சர்ச் போட்டுப் பாருங்கள்.

"404 நாட் ஃபவுண்ட்": பெரும்பாலும் பட்டியல் பழையது. பட்டியலில் இருக்கும் பதிப்பை மண்டியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டார்கள். அப்டேட் போட்டால் தீரும். தீராவிட்டால் உங்கள் வெளியீட்டின் காலம் முடிந்திருக்கலாம். உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு. பிறகு அவற்றின் பொதிகள் பழைய வெளியீடுகளுக்கான சேவையகத்துக்குப் போய்விடும். முகவரியை மாற்றி ஓட்டுவதைவிடப் புதிய வெளியீட்டுக்கு மாறுவதே நல்லது.

"குட் நாட் கெட் லாக்": பேரேட்டில் ஒரே நேரத்தில் இருவர் எழுதக் கூடாது என்பதற்கான பூட்டு. கணினி இப்போதுதான் ஆன் ஆகியிருந்தால், பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். உண்மையிலேயே இன்னொரு வேலை ஓடும்போது அதை அழித்தால் பேரேடே குழம்பும்.

"ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்": பழைய டெஸ்க்டாப்களில் அடிக்கடி வருவது, ஆனால் யாரும் சரியாகக் கண்டுபிடிக்காதது. களஞ்சியத்தின் பில்லில் தேதி உண்டு. உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், பில் எதிர்காலத்தில் எழுதியதுபோல் தெரியும், ஆப்ட் ஏற்காது. இணையத்தையோ களஞ்சியத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் போனால், மதர்போர்டிலிருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது.

அப்கிரேட் நடுவே "அமைப்புக் கோப்பை மாற்றியிருக்கிறீர்கள், புதியதை வைக்கவா?" என்று கேட்பது பிழையில்லை. சும்மா என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும். டி (டிஃபரன்ஸின் முதல் எழுத்து) அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும்.

மண்டிக்கு வெளியே வாங்கினால்

இணையதளத்திலிருந்து டெப் கோப்பு ஒன்றை இறக்கியிருந்தால், டிபிகேஜியை நேரடியாக அழைப்பதைவிட ஆப்ட் இன்ஸ்டால் போட்டு, கோப்புப் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்ப்பது மேல். அப்போதுதான் ஆப்ட் அதைக் கோப்பு என்று புரிந்துகொண்டு சார்புகளையும் வாங்கி வரும். வேறு வெளியீட்டுக்காகக் கட்டிய டெப் என்றால் சார்பு முரண் வரும், வற்புறுத்த வேண்டாம்.

மூலநிரலிலிருந்து நேரடியாகக் கட்டி நிறுவினால் பேரேட்டில் வரியே இருக்காது. ஆப்ட் அதைப் புதுப்பிக்கவும் மாட்டாது, நீக்கவும் ஆளில்லை. பைத்தான் மொழிக்கான பொதி மேலாளர் பிப், டெபியன் 12 முதல் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுப்பதும் இதனால்தான்: ஆப்ட்டின் கணக்கில் இருக்கும் இடத்தில் இன்னொருவர் சரக்கை இறக்கக் கூடாது. மீறுவதற்கு ஒரு தேர்வு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் பைத்தானுக்கென வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற தனி அறையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

உபுண்டு 22.04 முதல் ஆப்ட் வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டால், ஸ்னாப் என்ற வேறு முறையின் பொதிதான் வந்து சேரும். பேரேட்டில் ஒரு வரி, சரக்கோ வேறு குடோனில். புதியவர்களைக் குழப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஃபெடோராவில் டிஎன்எஃப், மேக்கில் ஹோம்புரூ, விண்டோசில் விங்கெட் என்று பெயர்கள் மாறும். களஞ்சியம், பட்டியல், பேரேடு என்ற மூன்றையும் தேடினால் வழி தெரிந்துவிடும்.

நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று நின்றுவிட்டால், நினைவைத் துழாவ வேண்டாம். வார், லாக், ஆப்ட் அடைவுகளுக்குள் ஹிஸ்டரி டாட் லாக் என்ற கோப்பைத் திறங்கள். என்று, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று வரிசையாக இருக்கும். பழைய மாதங்கள் சுருக்கப்பட்ட கோப்புகளாகப் பக்கத்திலேயே இருக்கும். இசட்லெஸ் கட்டளையால் பிரிக்காமலே படிக்கலாம்.